வால்ஹாலா: தங்கம் தீர்ந்து காலியான ஊரா, விறகு தீர்ந்து காலியான ஊரா?

ஜூலை 3, வாசகர் ஒருவர் தொடங்கியது

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வால்ஹாலா என்று ஒரு குட்டி ஊர். சுற்றிலும் அடர்ந்த காடு, நடுவில் ஒரே தெரு. ஒரு காலத்தில் 3,000, 4,000 பேர் இருந்தார்களாம். இப்போது 20 பேர்தான். தங்கம் இருந்தவரை ஊர் இருந்தது, தங்கம் தீர்ந்ததும் கிளம்பிவிட்டார்கள். எல்லாத் தங்க வேட்டை ஊருக்கும் இதே கதைதானே? தனியாகப் பேச என்ன இருக்கிறது?

ஜூலை 3, இரவு

இருக்கிறது. நீங்கள் பார்த்த அந்த அடர்ந்த காட்டிலிருந்தே தொடங்கலாம். 1890-களில், 1900-களில் எடுத்த வால்ஹாலா புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள். மலைச்சரிவுகள் மொட்டையாக இருக்கும். வெட்டிய மரத்தின் அடிக்கட்டைகள், மண் அரித்த கோடுகள், நடுவில் தகரக் கூரை வீடுகள். இன்று தெரியும் காடு சுரங்கம் மூடிய பிறகு மீண்டும் முளைத்தது. அந்த மரங்கள் போன இடம் சுரங்கத்தின் கொதிகலன். என் கட்சி இதுதான்: இந்த ஊரைக் கொன்றது விறகு.

அடிப்படைத் தகவல்கள். மெல்பர்னுக்குக் கிழக்கே சுமார் 180 கி.மீ., கிப்ஸ்லாந்து மலைப்பகுதி. 1862 டிசம்பர் கடைசியில் எட்வர்ட் ஸ்ட்ரிங்கர் என்பவரின் சிறு குழு அங்கிருந்த ஓடையில் தங்கம் கண்டது. 1863 ஜனவரியில் உரிமையைப் பதிந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் இறந்துபோனார், பலனை அனுபவிக்கவில்லை. அவர் பெயர் ஓடைக்கு நின்றுவிட்டது. ஓடையில் கிடைத்தது கொஞ்சம்தான். 1863 பிப்ரவரியில் ஜான் ஹிஞ்ச்கிளிஃப் மலைச்சரிவில் கோஹன்ஸ் ரீஃப் என்ற குவார்ட்ஸ் நாளத்தை, அதாவது பாறைக்குள் பட்டையாக ஓடும் தங்கம் கலந்த வெள்ளைக் கல்லை, கண்டார். அதற்குப் பிறகு நடந்த அத்தனையும் அந்த ஒரு நாளத்தின் கதை. மொத்தம் சுமார் 15 லட்சம் அவுன்ஸ் தங்கம். அதில் லாங் டனல் சுரங்கம் மட்டும் 8 லட்சத்துக்கு மேல், அதாவது 25 டன். அதை ஒட்டியிருந்த லாங் டனல் எக்ஸ்டெண்டட் 13.7 டன். பெரிய சுரங்கங்களில் கடைசியாக நின்ற லாங் டனல் 1914-ல் மூடியது.

ஜூலை 4

பெயரைப் பற்றி ஒரு வரி. முதலில் ஊரை ஸ்ட்ரிங்கர்ஸ் க்ரீக் என்றுதான் சொன்னார்கள். வால்ஹாலா அங்கிருந்த ஒரு சுரங்கத்தின் பெயர், பிறகு ஊருக்கே ஒட்டிக்கொண்டது. வட ஐரோப்பியப் புராணத்தில் போரில் மாண்ட வீரர்கள் சேரும் மாளிகைக்கு அந்தப் பெயர். ஆனால் 1862-ல் இது ஆளில்லாத இடமாக இருக்கவில்லை. குர்னாய் மக்களின் நிலம் அது. "கண்டுபிடித்தார்" என்று நான் மேலே எழுதியதெல்லாம் தங்கத்துக்கு மட்டும் பொருந்தும்.

ஜூலை 5

"தட்டில் மண்ணை அலசித் தங்கம் எடுப்பார்களே, அதற்கு எதற்குக் கொதிகலன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கேதான் எல்லாருக்கும் குழப்பம்.

தங்கம் இரண்டு விதமாகக் கிடைக்கும். ஆற்று மணலில் உதிரியாகக் கிடப்பது ஒன்று. தட்டு, மண்வெட்டி, மரத்தொட்டி, தண்ணீர் இருந்தால் போதும், இரண்டு பேர் சேர்ந்து பிழைக்கலாம். 1851-ல் பல்லாரட், பெண்டிகோ பக்கம் கூட்டம் ஓடியது இதற்குத்தான். வால்ஹாலாவில் அது சில மாதங்களில் முடிந்துவிட்டது.

இரண்டாவது, பாறைக்குள் குவார்ட்ஸ் நாளமாக இருப்பது. இங்கே தங்கம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. கல்லை வெட்டி, வெளியே கொண்டுவந்து, மாவாக இடித்து, அதிலிருந்து பிடிக்க வேண்டும். கோஹன்ஸ் ரீஃபில் சராசரியாக ஒரு டன் கல்லுக்கு ஒரு அவுன்ஸ், சுமார் 31 கிராம். நல்ல வளம்தான். ஆனால் அந்த 31 கிராமுக்காக ஒரு டன் கல்லையும் இடித்தே ஆக வேண்டும். நாளம் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குகிறது. முதலில் மலைச்சரிவிலிருந்து கிடையாக ஒரு குகைவழி போட்டு நாளத்தைத் தொட்டார்கள். மேலே இருந்ததை எடுத்து முடித்ததும், அந்தக் குகைவழியின் உள்ளேயிருந்தே செங்குத்தாகக் குழி இறக்கினார்கள். லாங் டனல் எக்ஸ்டெண்டடில் தூக்கு எந்திரம் வைப்பதற்காக மலைக்குள்ளேயே ஒரு பெரிய அறை குடைந்தார்கள். சுமார் 300 மீட்டர் உள்ளே நடந்து இன்றும் அதைப் பார்க்கலாம். அங்கிருந்து கீழே 900 மீட்டருக்கு மேல் குழி போகிறது, இப்போது தண்ணீர் நிறைந்து நிற்கிறது.

இதெல்லாம் இரண்டு பேர் செய்கிற வேலை இல்லை. பங்கு விற்று முதல் திரட்டிய கம்பெனிகள் செய்த வேலை. எனவே வால்ஹாலாவை "தங்க வேட்டை ஊர்" என்பதைவிட ஆலை ஊர் என்று நினைத்துக்கொண்டால் மற்றது எல்லாம் விளங்கும். அங்கே ஆண்கள் ஷிஃப்டுக்குப் போனார்கள், கூலி வாங்கினார்கள்.

ஜூலை 6

கல்லை எப்படி இடித்தார்கள் என்று விரிவாகக் கேட்டதால் எழுதுகிறேன். நீளமாக இருக்கும். இதைப் புரிந்துகொள்ளாமல் விறகுக் கணக்கு புரியாது.

எந்திரம் நம் உரலும் உலக்கையும்தான், இரும்பில். ஒரு இரும்புப் பெட்டிக்குள் வரிசையாக ஐந்து உலக்கைகள். ஒவ்வொன்றும் 350 முதல் 450 கிலோ. மேலே ஒரு அச்சு சுழலும், அதில் கொக்கி மாதிரி வளைந்த இரும்புக் கைகள். கை உலக்கையின் கழுத்தைத் தூக்கி 20 செ.மீ. உயர்த்தி விட்டுவிடும், உலக்கை தன் பாரத்தில் விழும். நிமிடத்துக்கு 70, 80 அடி. கை தூக்கும்போது உலக்கையைக் கொஞ்சம் சுழற்றியும் விடும். அதனால் அடிப்பூண் ஒரே பக்கம் தேயாமல் சீராகத் தேயும். சுழலாமல் ஒரு உலக்கை நேராகவே விழ ஆரம்பித்தால் எங்கோ எண்ணெய் கசிந்து கை வழுக்குகிறது என்று அர்த்தம்.

ஐந்தும் 1, 2, 3, 4, 5 என்று வரிசையாக விழக் கூடாது. விழுந்தால் கல் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும், கடைசி உலக்கை குவியலின் மேலும் முதல் உலக்கை வெறும் இரும்பின் மேலும் அடிக்கும். 1, 4, 2, 5, 3 என்ற வரிசை வழக்கம். கல் பெட்டி முழுவதும் பரவி நிற்கும்.

பெட்டிக்குள் இடைவிடாமல் தண்ணீர் விட வேண்டும். ஒரு டன் கல்லுக்கு 5 முதல் 8 டன் தண்ணீர். முன்பக்கம் துளையிட்ட தகடு, சதுர அங்குலத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட துளைகள். அதில் நுழையும் அளவுக்குப் பொடியானது மட்டும் சேறாக வெளியே வரும். பெட்டிக்குள்ளேயே கொஞ்சம் பாதரசம் விடுவார்கள். சேறு அடுத்துச் சரிவான செப்புத் தகடுகள் மேல் ஓடும், தகட்டின் மேல் பாதரசம் பூசியிருக்கும். தங்கத் துகள் பாதரசத்தைத் தொட்டதும் ஒட்டிக்கொள்ளும், கல்மாவு ஓடிவிடும். அதற்கும் கீழே கம்பளி விரித்த வாய்க்கால். தகட்டில் ஒட்டாத கனமான துகள்களைக் கம்பளியின் ரோமம் பிடிக்கும். அந்தக் கம்பளியை அடிக்கடி எடுத்துத் தொட்டியில் அலச வேண்டும், ரோமம் நிரம்பிவிட்டால் மேலே வருவதெல்லாம் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

பிறகு தகட்டைச் சுரண்டினால் வெண்ணெய் பதத்தில் ஒரு வெள்ளைக் கட்டி கிடைக்கும். மெல்லிய தோலில் கட்டிப் பிழிவார்கள். உபரிப் பாதரசம் தோலின் வழியாகச் சொட்டும். உள்ளே கெட்டியாக நிற்பதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது கொஞ்சம் கூடுதல் தங்கம். அதை இரும்பு வாலையில், அதாவது ஆவி போகக் குழாய் வைத்த மூடிய பாத்திரத்தில், வைத்துச் சூடாக்க வேண்டும். வாலையின் உட்புறம் சுண்ணக்கட்டியைக் கரைத்துப் பூசாவிட்டால் தங்கம் இரும்பில் ஒட்டிக்கொள்ளும். 357 டிகிரியில் பாதரசம் ஆவியாகிக் குழாய் வழியே போய்க் குளிர்ந்து தண்ணீர்த் தொட்டியில் விழும். குழாயின் வாய் தண்ணீருக்குள் முங்கியிருக்கக் கூடாது. அடுப்பு தணிந்தால் உள்ளே வெற்றிடமாகித் தண்ணீரை உறிஞ்சும், சூடான வாலைக்குள் தண்ணீர் போனால் வெடித்துவிடும். எனவே வாயைத் தண்ணீருக்குச் சற்று மேலே நிறுத்தி, ஈரச் சாக்கைச் சுற்றித் தொங்கவிடுவார்கள். கடைசியில் வாலையில் நிற்பது பஞ்சு மாதிரித் துளைதுளையான தங்கம். வெண்காரம் போட்டு உருக்கி வார்த்தால் கட்டி.

ஜூலை 6, பின்னிரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தால் எல்லாத் தங்கமும் பிடிபட்ட மாதிரி ஒரு தோற்றம் வருகிறது. அது தவறு. உலக்கை ஆலையில் நிறையத் தங்கம் ஓடையோடு போகும்.

முக்கியக் காரணம், பாதரசம் "நோய்வாய்ப்படுவது". சுரங்கத் தொழிலாளிகள் நிஜமாகவே அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள். கல்லில் கந்தகம், ஆர்செனிக் கலந்த தாதுக்கள் இருந்தால் பாதரசத்தின் மேல் கருத்த ஆடை படியும், தங்கம் தொட்டாலும் ஒட்டாது. பாதரசம் பொடிப்பொடி மணிகளாக உடைந்து ஒன்றோடொன்று சேர மறுக்கும், பிடித்த தங்கத்தையும் சுமந்துகொண்டு சேற்றோடு ஓடிவிடும். எண்ணெய்ப் பசையும் இதையே செய்யும். மேலே உலக்கைக்குப் போட்ட மசகும், சுரங்கத்தில் எரித்த கொழுப்பு மெழுகுவர்த்தியின் துண்டும் கல்லோடு சேர்ந்து பெட்டிக்குள் விழுந்தாலே போதும். வைத்தியம், பாதரசத்தில் கொஞ்சம் சோடியம் சேர்ப்பது, தகட்டை நீர்த்த சயனைடு கரைசலால் துடைப்பது.

ஆற்றில் கிடந்த தங்கத்துக்குப் பின்னாலும் ஒரு கம்பெனி ஓடியது. வால்ஹாலா ஓடை தாம்சன் ஆற்றில் கலக்கிறது. ஆற்றில் ஒரு இடத்தில் குதிரை லாடம் போல வளைவு. 1911, 1912-ல் வளைவின் கழுத்தில் பாறையைக் குடைந்து 200 மீட்டருக்கு மேல் ஒரு குகைவழி வெட்டி, ஆற்றையே அதற்குள் திருப்பினார்கள். வளைவு வற்றியதும் படுகையில் படிந்த தங்கத்தை அள்ளலாம் என்பது திட்டம். போட்ட உழைப்புக்குத் தங்கம் வரவில்லை. ஆற்றின் ஒரு பகுதி இன்றும் அந்தக் குகைவழியாகப் பாய்கிறது.

ஜூலை 9

இப்போது விறகுக் கணக்கு.

400 கிலோ உலக்கையை 20 செ.மீ. தூக்க சுமார் 800 ஜூல். நிமிடத்துக்கு 75 தடவை என்றால் ஒரு உலக்கைக்கு 1 கிலோவாட். சின்ன எண். 30 உலக்கை என்று வைத்துக்கொண்டால் 30 கிலோவாட், இன்றைய ஒரு சிறு காரின் எந்திரம் இதைவிடப் பெரியது. ஆனால் அக்கால நீராவி எந்திரம் விறகின் வெப்பத்தில் 4 சதவீதத்தைத்தான் வேலையாக மாற்றும். மீதி புகைபோக்கியிலும் கழிவு நீராவியிலும் போய்விடும். இரவு பகல் ஓடும் 30 உலக்கைக்கு ஒரு நாளைக்கு 2.6 கிகா ஜூல் வேலை, அதற்கு 65 கிகா ஜூல் விறகு. காய்ந்த விறகு கிலோவுக்கு 14 மெகா ஜூல் தரும் என்றால் நாளொன்றுக்கு நாலரை டன்னுக்கு மேல். இடிப்பதற்கு மட்டும்!

இதோடு தூக்கு எந்திரம். 900 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு டன்னைத் தூக்க, அதே 4 சதவீதக் கணக்கில், சுமார் 16 கிலோ விறகு. நாளைக்கு 100 டன் கல்லும் மண்ணும் என்றால் இன்னும் ஒன்றரை டன். பம்பு வேறு. எல்லாவற்றையும்விடப் பசி அதிகமுள்ளது காற்றழுத்த எந்திரம். பாறையில் துளை போடும் துளைப்பான்கள் அழுத்தக் காற்றில் ஓடுகின்றன. காற்றை அழுத்தும்போது சூடாகும், குழாயில் போகும்போது அந்தச் சூடு வீணாகும், இணைப்புகளில் கசியும். துளைப்பானின் முனைக்கு வந்து சேர்வது கொதிகலனில் போட்டதில் ஒரு துளிதான். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாவிட்டாலும் கொதிகலனை முழுக்க ஆறவிட முடியாது, தணல் வைத்திருக்க வேண்டும்.

லாங் டனல் சுரங்கம் ஒரு நாளைக்கு 30 டன் விறகு எரித்தது என்பது பதிவான எண். முதலில் அதிகமாகத் தோன்றும். மேலே உள்ள கணக்கைப் போட்டுப் பார்த்தால் அதில் வியப்பே இல்லை.

ஜூலை 9, மாலை, திருத்தம்

14 மெகா ஜூல் என்று எழுதினேன். அது ஓராண்டு அடுக்கி வைத்துக் காய்ந்த விறகுக்கு. வெட்டிய உடனே போட்டால் எடையில் பாதி தண்ணீர், அதை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பங்கு போகும், 8 அல்லது 9 மெகா ஜூல்தான் மிஞ்சும். கையிருப்பு குறைந்த சுரங்கம் பச்சை விறகைப் போடும், பச்சை விறகு இன்னும் அதிகம் வேண்டும், கையிருப்பு இன்னும் குறையும். இந்தச் சுழலில் மாட்டினால் வெளியே வருவது கடினம். அந்தப் பள்ளத்தாக்கின் குளிர்கால மழையில் விறகு சுலபத்தில் காயவும் காயாது.

ஜூலை 10

நிலக்கரி ஏன் போடவில்லை? நியாயமான கேள்வி. தெற்கே ஒரு நாள் பயணத் தூரத்தில் லாட்ரோப் பள்ளத்தாக்கு முழுக்க நிலக்கரிதான். ஆனால் அது பழுப்பு நிலக்கரி. தோண்டும்போது எடையில் 60 சதவீதம் தண்ணீர், விறகைவிட எந்த வகையிலும் மேல் இல்லை. கருப்பு நிலக்கரி தொலைவிலிருந்து ரயிலில் வர வேண்டும். ரயில் 1870-களின் இறுதியில் மோ என்ற ஊர் வரை வந்தது, அங்கிருந்து வால்ஹாலாவுக்கு மலைப்பாதை, மாட்டு வண்டி, குதிரை வண்டி. மழைக்காலத்தில் அச்சு வரை சேறு. கொதிகலன்களையும் உலக்கைகளையும் அப்படித்தான் இழுத்து வந்தார்கள். ஆனால் ஒரு கொதிகலன் ஒரு தடவைதான் வரும். தினமும் 20 டன் கரியை அந்தப் பாதையில் கொண்டுவர முடியாது.

ஓடைத் தண்ணீரில் சக்கரம் ஓட்டலாமே என்றால், ஆரம்பத்தில் சிறு உலக்கை ஆலைகளுக்குச் சரி. ஆழமான சுரங்கத்துக்கு அந்த ஓடை போதாது, கோடையில் மெலிந்துவிடும்.

ஜூலை 13

விறகு எப்படி ஊருக்கு வந்தது என்பது தனி வித்தை. முதலில் பக்கத்துச் சரிவிலேயே வெட்டி, கட்டைகளை மேலிருந்து உருட்டிவிட்டார்கள். அது தீர்ந்ததும் மலை இடுப்பைச் சுற்றி ஏறக்குறைய ஒரே மட்டத்தில், வண்டி ஓடத் தண்டவாளம் போட்ட டிராம்பாதை. வண்டி நிறைந்து வரும் திசையில் லேசான இறக்கம் வைத்துவிட்டால் பாரம் தானே உருண்டு வரும், ஒருவன் பிரேக்கைப் பிடித்தால் போதும். காலி வண்டியைக் குதிரை இழுத்துக்கொண்டு திரும்பும். இறக்கம் கூடிவிட்டால் மழை நாளில் பிரேக் பிடிக்காது, குறைந்துவிட்டால் வண்டி வளைவில் நின்றுவிடும். இன்று ஊருக்கு மேலே நடைபாதையாக இருப்பது அப்படிப்பட்ட ஒரு டிராம்பாதையின் தடம். நடந்து பார்த்தால் ஏற்றமும் இறக்கமும் தெரியாமல் மலையோடு வளைந்து போவது புரியும்.

மொட்டை மலையின் விளைவு ஊருக்குள்ளும் வந்தது. 1888-ல் பெருந்தீ கடைத்தெருவின் பல கட்டடங்களைத் தின்றது. 1891-ல் வெள்ளம். மரமில்லாத சரிவில் மழைநீர் நிற்காது, ஒரே ஓட்டமாக ஓடைக்கு வரும். இடநெருக்கடி எப்படி என்றால், 1901-ல் தீயணைப்பு நிலையம் கட்ட மட்டமான நிலமே கிடைக்காமல் ஓடையின் குறுக்கே, பாலம் மாதிரி, தண்ணீருக்கு மேல் கட்டினார்கள். இன்றும் அப்படியே நிற்கிறது. கிரிக்கெட் மைதானத்துக்கு ஒரு மலை உச்சியையே செதுக்கி மட்டமாக்கினார்கள். கல்லறைத் தோட்டம் செங்குத்துச் சரிவில், படிப்படியாக மண்ணை வெட்டிக் கல் அடுக்கி. தங்கம் தவிர வேறு எதற்கும் அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் ஊர் வைத்திருக்க மாட்டார்கள்.

ஜூலை 14

"ஹெக்டேர் கணக்கு போடுங்கள்" என்றவருக்கு. 30 டன், ஆண்டுக்கு 300 நாள், 9,000 டன். ஒரு ஹெக்டேர் காட்டிலிருந்து 300 டன் விறகு தேறும் என்று கொண்டால் ஆண்டுக்கு 30 ஹெக்டேர். 50 ஆண்டுக்கு 1,500 ஹெக்டேர். வட்டமாக வரைந்தால் ஆரம் 2 கி.மீ. சொச்சம். "அவ்வளவுதானா" என்று நீங்கள் கேட்பீர்கள், எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இது ஒரே சுரங்கத்தின் கொதிகலன்களுக்கு மட்டும். மற்ற சுரங்கங்கள், குழிக்குள் முட்டுக்கொடுத்த மரங்கள், வீடு கட்டிய பலகை, ஆயிரம் அடுப்புகள் தனி. வரைபடத்தில் 2 கி.மீ. என்பது அந்த மலையில் ஒரு முகட்டைத் தாண்டி இறங்கி ஏறுவது. முகட்டுக்கு அந்தப் பக்கம் வெட்டிய கட்டை தானே உருண்டு வராது. ஒவ்வொரு முகடு தாண்டும்போதும் விறகின் அடக்கம் ஒரு படி ஏறும்.

ஜூலை 17

ரயில். இதில்தான் எனக்கு மனம் ஆறாது.

ஊர்க்காரர்கள் ரயில் கேட்டு ஆண்டுக்கணக்கில் மனு போட்டார்கள். 1904-ல் மோவிலிருந்து வேலை தொடங்கியது, 1910-ல் வால்ஹாலாவைத் தொட்டது. சுமார் 42 கி.மீ.-க்கு ஆறு ஆண்டுகள். விக்டோரியா அரசு ரயில்வே போட்ட நான்கு குறுகிய பாதைகளில் இது ஒன்று. தண்டவாள இடைவெளி 762 மி.மீ., மாநிலத்தின் பிரதான பாதையில் 1,600 மி.மீ. குறுகிய பாதை என்றால் 40 மீட்டர் ஆரத்தில் வளையலாம், மலையை வெட்டும் செலவு குறையும். 30-க்கு 1 ஏற்றம். ஊருக்குள் நுழையும் கடைசிக் கட்டம் ஓடைப் பிளவுக்குள், பாறைச் சுவருக்கும் தண்ணீருக்கும் நடுவில், மரப்பாலத்துக்கு மேல் மரப்பாலமாக. இடைவெளி வேறாக இருந்ததால் மோவில் எல்லாச் சரக்கையும் ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டும், ஆள் கூலி, நேரம்.

சுரங்கங்கள் கொழித்த 1880-களில் இந்த ரயில் வந்திருந்தால் கரி வந்திருக்கும், எந்திரம் வந்திருக்கும். வந்தபோது லாங் டனலுக்கு மிச்சம் நான்கு ஆண்டுகள்.

ஜூலை 20, முதல் பதிவுக்குத் திருத்தம்

"ஊரைக் கொன்றது விறகு" என்று அடித்துச் சொன்னேன். இரண்டு வாரமாக யோசித்ததில் அதை அப்படியே விட மனமில்லை. விறகு விலை ஏறினால் என்ன, தங்கத்தின் விலையும் ஏறினால் தாக்குப்பிடிக்கலாமே? ஏறவே முடியாது என்பதுதான் சிக்கல்.

நம் ஊரில் இன்றும் "சவரன்" என்றும் "பவுன்" என்றும் சொல்கிறோமே, அந்த ஆங்கிலேயப் பொன் நாணயம் ஒரு பவுண்டு மதிப்பு, 8 கிராம் எடை, 22 காரட். மெல்பர்னிலேயே 1872 முதல் விக்டோரியத் தங்கத்தில் அச்சடித்தார்கள். நாணயமே தங்கம் என்பதால் தங்கத்தின் விலை சட்டத்தில் கட்டிவைத்தது: சுத்தத் தங்கம் ஒரு அவுன்ஸுக்கு 4 பவுண்டு 4 ஷில்லிங் 11½ பென்ஸ். 1865-லும் அதுதான், 1914-லும் அதுதான். நெல் விளைவிப்பவன் செலவு கூடினால் விலையைக் கூட்டிக் கேட்கலாம். தங்கம் எடுப்பவனுக்கு அந்த வழி இல்லை.

இன்னொன்று ஆழம். குழி இறங்க இறங்க கயிறே பாரமாகிவிடும். 900 மீட்டர் எஃகுக் கயிறு, மீட்டருக்கு 2 கிலோ என்றால் 1,800 கிலோ, தூக்கும் கல்லைவிட அதிகம். ஆள் கீழே போய் மேலே வரும் நேரம் ஷிஃப்டில் கழியும். காற்று கீழே போக வேண்டும். அதே ஒரு அவுன்ஸுக்கு அதிக விறகு, அதிக கூலி. எனவே நாளத்தில் தங்கம் இருந்தாலும், எடுக்கும் செலவுக்குக் கட்டுப்படாத வளமாகிவிட்டால் அது சுரங்கத்துக்கு வெறும் கல்தான். "தங்கம் தீர்ந்தது" என்ற உங்கள் வாக்கியத்தில் பாதி உண்மை இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். கட்டுப்படும், கட்டுப்படாது என்ற அந்த எல்லையை மேலே தள்ளியதில் விறகுக்குப் பெரும் பங்கு, இதில் என் நிலை மாறவில்லை. 1914-ல் போரும் வந்தது, அதற்கு முன்பே தராசு சாய்ந்துவிட்டது.

ஜூலை 22

சுரங்கம் மூடிய பிறகு ரயில் என்ன செய்தது என்று கேட்டீர்கள். வீடுகளை ஏற்றிக்கொண்டு போனது. பெரும்பாலும் பலகை வீடுகள், தகரக் கூரை. ஆணியைப் பிடுங்கிப் பலகையைப் பிரித்து, அடுக்கி, எண் போட்டு, வேறு ஊரில் மீண்டும் மாட்டிவிடலாம். வழியில் உள்ள எரிக்கா என்ற ஊரின் பக்கம் அறுத்த மரம் இந்தப் பாதைக்கு வருமானம் தந்ததால் அது இன்னும் சில காலம் ஓடியது. வால்ஹாலாவைத் தொடும் கடைசிப் பகுதி 1944-ல் மூடியது, மீதி 1954-க்குள்.

ஆர்வலர்கள் 1990-களில் தாம்சன் நிலையத்திலிருந்து பாதையைத் திரும்பப் போட ஆரம்பித்தார்கள். 1994-ல் சிறு தூரம் ரயில் ஓடியது, பாலம் பாலமாகச் சரிசெய்து 2002-ல் வால்ஹாலாவை எட்டினார்கள். ஊருக்குப் பொது மின்கம்பி வந்தது 1998 டிசம்பரில்தான்.

போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. வால்ஹாலாவில் இப்போது நிற்கும் ரயில் நிலையக் கட்டடம் பழையதைப் பார்த்துப் புதிதாகக் கட்டியது. பழையதும் கெட்டுப்போகவில்லை. பிரித்து மெல்பர்னுக்குக் கொண்டுபோய் ஹார்ட்வெல் என்ற புறநகர் நிலையத்தில் நிறுத்தினார்கள். அலமெய்ன் தடத்து மின்ரயில் தினமும் அதன் முன்னால் நின்று போகிறது. பார்க்க வேண்டுமென்றால் மலையேற வேண்டாம், ஹார்ட்வெல்லில் இறங்கினால் போதும்.